பாஸ்பரஸ் 7.4, கால்சியம் 9.4, பி.டி.எச். 610: டயாலிசிஸ் ரிப்போர்ட்டில் எதைப் பார்த்துப் பயப்படணும்?

வைகைக்கரை:

அப்பாவுக்கு 58 வயது, எடை 60 கிலோ. ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) வழியாக ஹீமோடயாலிசிஸ் (மெஷினில் ரத்தச் சுத்திகரிப்பு), வாரம் 2 தடவை, திங்களும் வியாழனும். சிறுநீர் நாளுக்கு ஒரு டம்ளர்கூட வராது. சர்க்கரை நோய் இல்லை. இந்த மாத ரிப்போர்ட் கீழே. அடைப்புக்குறிக்குள் 3 மாதம் முந்தைய அளவு.

பாஸ்பரஸ் 7.4 (6.1)
கால்சியம் 9.4 (9.1)
அல்புமின் 3.0 (3.5)
பொட்டாசியம் 5.6 (5.2)
ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 168 (131)
பி.டி.எச்., அதாவது பாராதைராய்டு ஹார்மோன், 610 (480), லேப் தரும் உச்ச அளவு 65

மருந்து: பாஸ்பரஸைப் பிடிக்கக் கால்சியம் கார்பனேட் 500 காலை, இரவு, கால்சிட்ரியால் (வைட்டமின் டி வகை) 0.25 மைக்ரோகிராம் தினமும். வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல் 40 காலையில்.

மூன்று கேள்விகள். பாஸ்பரஸ் கூடினால் ஆயுள் குறையும் என்கிறார்களே, அதற்கு உண்மையில் ஆதாரம் எவ்வளவு? பாஸ்பரஸைக் குறைக்க மீன், முட்டை, பருப்பு மூன்றையும் நிறுத்தியிருக்கிறோம், இது சரியா? கால்சியம் இல்லாமல் பாஸ்பரஸைப் பிடிக்கும் செவலமர் மாத்திரைக்கு மாறினால் மாதச் செலவு பல மடங்கு கூடுகிறது. அந்தக் காசுக்குப் பலன் உண்டா? கால்சியம் நார்மல் என்றுதான் ரிப்போர்ட்டில் இருக்கிறது, அதனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

---

நெஃப்ரான்:

கேட்காமல் விட்ட கால்சியத்திலிருந்தே தொடங்குகிறேன். அது நார்மல் இல்லை.

ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 40% அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. அல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியம் குறைந்து தெரியும். உடலில் வேலை செய்யும் பங்கு அப்படியே இருக்கும். திருத்தக் கணக்கு: 4-லிருந்து அல்புமினைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, ரிப்போர்ட் கால்சியத்தோடு கூட்டுங்கள். இங்கே 4 − 3.0 = 1.0, அதன் 0.8 பங்கு 0.8, ஆக 9.4 + 0.8 = 10.2. மூன்று மாதம் முன்பு இதே கணக்கில் 9.5. இந்தச் சூத்திரம் துல்லியமானது என்று சொல்ல மாட்டேன். வசதி இருந்தால் அயனிக் கால்சியம் (புரதத்தோடு ஒட்டாத பங்கு) பார்ப்பதே நல்லது. ஆனால் கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரியாலும் சேர்ந்து ஓடும் ஒருவருக்கு 10.2 என்பது அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய எண் கிடையாது.

இப்போது ஆயுள் விஷயம். தொடர்பு இருக்கிறது, அதில் இரண்டு கருத்து இல்லை. 1998-ல் ஜெஃப்ரி பிளாக்கும் உடனிருந்தவர்களும் அமெரிக்காவில் 6,407 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பாஸ்பரஸ் 6.5-க்கு மேல் இருந்தவர்களின் மரண அபாயம், 2.4 முதல் 6.5 வரை இருந்தவர்களைவிட 27% அதிகம். 2004-ல் அதே பிளாக் தலைமையில் 40,538 பேர் அடங்கிய இன்னொரு ஆய்வு வந்தது. 4–5 அளவை அடிப்படையாக வைத்துப் பார்த்தால் 6–7-ல் அபாயம் 25% கூடுதல், 7–8-ல் 43%, 9-ஐத் தாண்டினால் இரண்டு மடங்கு. பல நாடுகளைச் சேர்த்து நடந்த டாப்ஸ் ஆய்வு 2008-ல் 25,588 பேரை வைத்துச் சொன்னது: பாஸ்பரஸ் 3.6–5.0, கால்சியம் 8.6–10.0 (அல்புமினுக்குத் திருத்தியது 7.6–9.5), பி.டி.எச். 101–300 என்ற வரம்புகளில் மரண விகிதம் மிகக் குறைவு.

“43% கூடுதல்” என்பதை அப்பா ஒருவரின் தலையில் ஏற்றிவிடாதீர்கள். கூட்டமாகப் பார்த்த கணக்கு அது, ஒப்பீட்டு அளவு.

காரணமும் ஓரளவு தெரிந்ததுதான். பாஸ்பரஸ் மிகுந்த சூழலில் ரத்தக் குழாயின் நடுச்சுவரில் உள்ள தசைச் செல்கள் எலும்புச் செல்களின் குணத்தை எடுத்துக்கொண்டு, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியவைக்கின்றன. கொழுப்பு அடைப்பு மாதிரி உள்பக்கம் வழியை அடைக்கும் வகை இல்லை இது. குழாய் முழுக்க விறைத்துப்போகிறது. மேல் பி.பி. ஏறும், கீழ் பி.பி. இறங்கும், இடது இதய அறையின் சுவர் தடிக்கும். கால்சியமும் கூடவே உயர்ந்திருந்தால் படிவு வேகமாகும். அதனால்தான் 7.4-ஐவிட 7.4-உம் 10.2-உம் சேர்ந்திருப்பது மோசம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, நோயாளிகளிடம் யாரும் அதிகம் சொல்வதில்லை. வரைபடத்தில் பாஸ்பரஸ் மிகக் குறைந்த இடத்திலும் மரண விகிதம் ஏறுகிறது. பாஸ்பரஸ் 2.5 என்று வந்தால் அநேகமாக அந்த ஆள் சாப்பிடவில்லை, தசை கரைகிறது என்று பொருள். கலந்தர்-ஜாதே குழுவினர் 2008-ல் 30,075 பேரை ஆராய்ந்தபோது நல்ல நிலையில் இருந்தவர்கள் பாஸ்பரஸ் குறைந்து, அதே சமயம் புரத உட்கொள்ளல் கூடியவர்கள். புரதத்தைக் குறைத்துப் பாஸ்பரஸையும் குறைத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதிலேயே பாதி இருக்கிறது. மீன், முட்டை, பருப்பு மூன்றையும் நிறுத்திய பிறகு அல்புமின் 3.5-லிருந்து 3.0. பாஸ்பரஸோ குறையாமல் 7.4. (தொற்று, அழற்சி, உடலில் நீர் கூடுதல் எல்லாமும் அல்புமினைக் குறைக்கும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.)

ஆதாரம் எவ்வளவு என்று கேட்டீர்கள். மேலே சொன்ன எல்லாம் கவனித்து எழுதிய ஆய்வுகள். மருந்து கொடுத்து எண்ணைக் குறைத்தால் ஆயுள் கூடுகிறதா என்று சோதித்தவை அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. 2012-ல் வந்த எவால்வ் சோதனையில் 3,883 பேருக்கு சினாகால்செட் (பி.டி.எச்.-ஐக் குறைக்கும் மருந்து) அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். மரணமும் பெரிய இதய நிகழ்வுகளும் சேர்ந்த முதன்மைக் கணக்கில் வித்தியாசம் புள்ளியியல் வரம்பை எட்டவில்லை. ஜப்பானில் நடந்த லேண்ட்மார்க் சோதனை 2021-ல் வந்தது; லாந்தனம் (கால்சியம் இல்லாமல் பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரை) கொடுத்தவர்களுக்கும் கால்சியம் கார்பனேட் கொடுத்தவர்களுக்கும் இதய நிகழ்வுகளில் வேறுபாடு இல்லை. கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டி 2017-ல் இறுக்கமான எண்ணைச் சொல்லாமல் “உயர்ந்த பாஸ்பேட்டை இயல்பு அளவை நோக்கி இறக்குங்கள், கால்சியம் ஏறாமல் பாருங்கள்” என்று நிறுத்திக்கொண்டதற்கும் இப்படித் தெளிவான சோதனை ஆதாரம் இல்லாததுதான் காரணம். நடைமுறையில் பல யூனிட்கள் பழைய 3.5–5.5 இலக்கையே வைத்திருக்கின்றன. அதில் தவறில்லை.

---

மூன்றாம் ஷிஃப்ட்:

டயாலிசிஸ் டெக்னீஷியன் தரப்பிலிருந்து சில சந்தேகங்கள். பதில் சொன்னால் மேலே பேசலாம்.

இந்த 7.4-க்கான ரத்தம் திங்கள் எடுத்ததா, வியாழன் எடுத்ததா? முந்தைய 6.1 எந்தக் கிழமை? திங்கள்–வியாழன் அட்டவணையில் திங்களுக்கு முன்னால் 4 நாள் இடைவெளி, வியாழனுக்கு முன்னால் 3 நாள். இரண்டையும் ஒப்பிட்டால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் ஏறியதுபோலத்தான் தெரியும். எப்போதும் ஒரே கிழமை, மெஷினில் போடுமுன், ஊசி குத்தியதும், ஹெப்பாரினோ சலைனோ உள்ளே போவதற்கு முன்னால் எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்ததும் எடுத்த பாஸ்பரஸ் எண்ணுக்கு மதிப்பே கிடையாது. சில மணி நேரத்தில் திசுக்களிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு ஏறிவிடும்.

குழாய் விஷயமும் பாருங்கள். ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் இ.டி.டி.ஏ. உப்பு இருக்கிறது. அதில் எடுத்த ரத்தம் ஒரு சொட்டு மற்ற குழாய்க்குப் போனாலும் பொட்டாசியம் எகிறும், கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் விழும். பொட்டாசியம் 8, கால்சியம் 5 என்று திடீரென ஒரு ரிப்போர்ட் வந்து நோயாளி நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள், கூடவே மறு சாம்பிள் அனுப்புங்கள். அணுக்கள் உடைந்த சாம்பிளிலும் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டும் பொய்யாக ஏறும். உங்கள் ரிப்போர்ட்டில் கால்சியம் விழவில்லை, அதனால் குழாய்க் கலப்பாகத் தெரியவில்லை.

அடுத்து: அமர்வு உண்மையில் எத்தனை மணி நேரம்? டயாலிசேட்டில் (மெஷினில் ஓடும் கரைசல்) கால்சியம் எவ்வளவு, 1.25-ஆ 1.5-ஆ 1.75-ஆ? பொட்டாசியம் எவ்வளவு? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா, கூடவா, பின்னா?

---

வைகைக்கரை:

நன்றி நண்பர்களே. இந்த மாதம் திங்கள் எடுத்தது, முந்தையது வியாழன். அமர்வு பேருக்கு 4 மணி. கால் பிடித்து இழுப்பதால் இரண்டு மாதமாக மூன்றரை மணியில் நிறுத்தச் சொல்லிவிடுகிறார். டயாலிசேட் கால்சியம் 1.75, பொட்டாசியம் 2 என்று யூனிட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாத்திரை காலை உணவு முடிந்து ஒரு மணி கழித்தும், இரவு படுக்கும்போது பாலோடும். மதியம் எதுவும் இல்லை. பசிக்குப் பதிலாக மால்ட் சத்துமாவுப் பானம் காலை, மாலை குடிக்கிறார்.

---

தட்டுக்கணக்கு:

உணவியல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். விடை பாதி அந்தச் சத்து பானத்தில் இருக்கிறது.

முதலில் வாரக் கணக்கு. சராசரியாகச் சாப்பிடும் ஒருவருக்கு நாளுக்கு 900 மி.கி. பாஸ்பரஸ் உள்ளே போகிறது என்று வையுங்கள். அதில் 60% ரத்தத்தில் சேர்ந்தால் 540 மி.கி., வாரத்துக்கு 3,780. 4 மணி நேர அமர்வு ஒன்று ஏறத்தாழ 800 முதல் 1,000 மி.கி. வரை எடுக்கும். வாரம் 3 அமர்வு என்றால் 2,400–3,000 போய்விடும். 2 அமர்வில் 1,600–2,000தான். மிச்சம் குறைந்தது சுமார் 1,800 ஒவ்வொரு வாரமும் உள்ளேயே தங்குகிறது. இதைத்தான் பைண்டர் மாத்திரை குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்ப வேண்டும்.

மாத்திரையின் சக்தி என்ன? கால்சியம் கார்பனேட் 1 கிராம் சுமார் 45 மி.கி. பாஸ்பரஸைப் பிடிக்கும். கால்சியம் அசிடேட்டும் கிராமுக்கு ஏறக்குறைய அதே. செவலமர் 800 மி.கி. மாத்திரை ஒன்று 27 மி.கி. அளவு. லாந்தனம் 500 மி.கி. ஒன்று 45 மி.கி. அளவு. இதையும் வாரம் 1,800-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாத்திரையால் மட்டும் அடைக்கிற ஓட்டை இல்லை இது.

அந்தச் சிறு சக்தியும் சாப்பாட்டோடு குடலில் கலந்தால்தான். ஒரு மணி நேரம் கழித்துப் போட்ட கால்சியம் மாத்திரைக்குப் பிடிக்கப் பாஸ்பரஸ் கிடைக்காது. அது வெறும் கால்சியமாக உறிஞ்சப்படும், கால்சிட்ரியால் அதற்கு வாசலும் திறந்துவிடும். 9.5 எப்படி 10.2 ஆனது என்பதில் இதற்கு ஒரு பங்கு இருக்கலாம். முதல் இரண்டு வாய் சாப்பிட்டதும் மாத்திரை, பிறகு மீதிச் சாப்பாடு, அதுதான் நேரம். பெரிய சாப்பாட்டுக்கு அதிகம், சிறியதற்குக் குறைவு, சாப்பிடாத வேளைக்கு மாத்திரையும் வேண்டாம். அப்பாவுக்கு மதியம் குழம்பு, தயிர் என்று கனமான வேளைக்கு ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று, கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. அது இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை இருந்தால் கால்சியத்திலிருந்து 4 மணி தள்ளிப் போட வேண்டும்.

உணவுக்கு வருவோம். 60 கிலோவுக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவை. ஒவ்வொரு அமர்விலும் அமினோ அமிலம் வெளியே போவதால் டயாலிசிஸுக்கு முன்பு சொன்ன புரதக் கட்டுப்பாடு இப்போது பொருந்தாது. பல வீடுகளில் இந்த மாற்றம் யாரும் சொல்லாமலே விட்டுப்போகிறது. பாஸ்பரஸை மி.கி.யில் மட்டும் பார்க்காமல் ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு 2 மி.கி.க்கும் குறைவு. கோழிக்கறி, முள் நீக்கிய மீன் 10 பக்கம். முழு முட்டை 15 பக்கம். பால் 27-க்கு மேல். அப்படியானால் முதலில் திரும்ப வர வேண்டியவை நாளுக்கு 3 வெள்ளைக்கரு, ஒரு வேளை 75–100 கிராம் கோழி அல்லது மீன். நெத்திலியை முள்ளோடு மெல்வதும் கருவாடும் வேண்டாம். கருவாட்டில் உப்பும் சேர்ந்து தாகத்தைக் கிளப்பும்.

பருப்பை முழுசாக நிறுத்த வேண்டியதில்லை. பருப்பு, தானியங்களில் பாஸ்பரஸ் பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது; அதை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை, பாதிக்கும் குறைவாகத்தான் சேரும். (இட்லி மாவு புளிக்கும்போது பைட்டேட் கொஞ்சம் உடையும், முளைகட்டினாலும் அப்படியே. அதற்காக இட்லியை விடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.) சாம்பாருக்கு 25–30 கிராம் பருப்பு, வேகவைத்த முதல் நீரை வடித்துவிட்டு. அந்த வடிகட்டலில் பொட்டாசியமும் போகும். அப்பாவின் 5.6-க்கு அது உதவும்.

பைட்டேட்டுக்கு நேர்மாறானது உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு. கிட்டத்தட்ட முழுவதும், 90%-க்கு மேல் உறிஞ்சப்படும். பாக்கெட் பின்பக்கத்தில் 338, 339, 340, 341, 450, 451, 452 என்ற ஐ.என்.எஸ். எண்களைத் தேடுங்கள். 338 பாஸ்பாரிக் அமிலம், கோலாவில் இருப்பது. 450 கேக், பிஸ்கட்டைப் பொங்க வைக்கும் தூளில். 451, 452 நூடுல்ஸ், சாசேஜ், சீஸ் ஸ்லைஸ், ஃப்ரீசரில் வைத்த இறாலில். இறாலை இந்த உப்புக் கரைசலில் ஊறவைத்தால் நீர் பிடித்து எடை கூடும். மார்க்கெட்டில் வாங்கும் புது இறாலுக்கும் ஃப்ரோசன் பாக்கெட்டுக்கும் பாஸ்பரஸில் வித்தியாசம் வருவது இதனால். இந்த மாதிரி சேர்க்கைகளைத் தவிர்க்கக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் பாஸ்பரஸ் எவ்வளவு இறங்கும் என்று அமெரிக்காவில் 279 நோயாளிகளிடம் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிட 0.6 கூடுதலாக இறங்கியது, புரதத்தைத் தொடாமலே.

சத்து பான டப்பாவில் “கனிமங்கள்” என்று எழுதியிருக்கும் இடத்தில் கால்சியம் பாஸ்பேட் இருக்கிறதா, 100 கிராமில் பாஸ்பரஸ் எத்தனை மி.கி. என்று படியுங்கள். அதைப் பாலில் கலந்து, மாத்திரை இல்லாமல், நாளுக்கு இரண்டு தடவை குடித்தால் பருப்பை நிறுத்தி மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும். 200 மி.லி. பால் மட்டுமே 190 மி.கி. பக்கம். பானத்தை நிறுத்திவிட்டு, பால் நாளுக்கு மொத்தம் 150 மி.லி. போதும், காபியில் போவதையும் சேர்த்து. புரதப் பொடி வேண்டுமானால் டயாலிசிஸுக்கென்று தயாரித்த, பாஸ்பரஸ் குறைந்த வகையை டயட்டீஷியன் எழுதித் தரட்டும்.

---

மூன்றாம் ஷிஃப்ட்:

1.75 என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருத்திய கால்சியம் 10.2 இருக்கும் ஒருவருக்கு அந்த டயாலிசேட் ஒவ்வொரு அமர்விலும் கால்சியத்தை உள்ளே தள்ளும். கே.டி.ஐ.ஜி.ஓ. சொல்வது 1.25–1.5. யூனிட்டில் ஒரே கான்சன்ட்ரேட் எல்லோருக்கும் ஓடுவது வழக்கம்தான், ஆனாலும் 1.5 கேன் தனியாக வரவழைக்க முடியும், கேளுங்கள். மாற்றும் முடிவு நெஃப்ராலஜிஸ்ட் எடுக்கட்டும், 1.25-க்கு ஒரேயடியாக இறக்கினால் சிலருக்கு நடுவில் பி.பி. விழும்.

மூன்றரை மணி விஷயம். முதல் ஒரு மணி நேரத்தில் ரத்தப் பாஸ்பரஸ் சர்ரென்று விழும். அதன்பின் கோடு தட்டையாகிவிடும், ஏனென்றால் திசுக்களிலிருந்து அது மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. பம்ப் வேகத்தைக் கூட்டி யூரியாவை இழுத்துவிடலாம், பாஸ்பரஸை அப்படி இழுக்க முடியாது. அதற்கு நேரம்தான் வேண்டும். கே.டி./வி. (டயாலிசிஸ் போதுமா என்று பார்க்கும் கணக்கு) நன்றாக இருக்கிறது என்று யூனிட்டில் சொன்னால் அது யூரியாவுக்கான சான்றிதழ் மட்டுமே. இரவு முழுக்க 8 மணி நேரம் டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பைண்டரே தேவைப்படாமல் போவதும், சிலருக்கு டயாலிசேட்டில் பாஸ்பேட் சேர்க்க வேண்டி வருவதும் உண்டு.

கால் இழுப்புக்கு நேரத்தைக் குறைப்பது மருந்து ஆகாது, அதே அளவு நீரை இன்னும் வேகமாக எடுப்பதில் முடியும். எடுக்கும் நீர் கிலோவுக்கு மணிக்கு 13 மி.லி.க்குள் இருப்பது நல்லது. 60 கிலோவுக்கு 4 மணியில் 3,120 மி.லி., மூன்றரையில் 2,730. திங்கட்கிழமை எடைக் கூடுதல் இதற்கு மேல் இருந்தால் உப்பைக் குறைத்து, உலர் எடையையும் (கூடுதல் நீர் இல்லாத எடை) ஒரு தடவை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். இந்துப்புக்கு மாறுவதில் பலன் இல்லை, அதிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். “லோ சோடியம்” உப்பு அதைவிட ஆபத்து, அதில் பொட்டாசியம் குளோரைடு.

பொட்டாசியத்தை ஓரமாக விட்டுவிட்டோம். பாஸ்பரஸ் வருடக்கணக்கில் கெடுக்கும், பொட்டாசியம் ஒரே ராத்திரியில். 81,013 நோயாளிகளை வைத்து 2007-ல் வந்த ஆய்வில் டயாலிசிஸுக்கு முந்தைய அளவு 4.6–5.3 இருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள். 4-க்குக் கீழும் 5.6-லிருந்து மேலும் மரணம் கூடியது. அப்பா விளிம்பில் நிற்கிறார், அதுவும் 4 நாள் இடைவெளிக்குப் பிறகு. வாரம் 3 செய்பவர்களிடமே இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணம் கூடுதல் என்று 2011-ல் 32,065 பேரின் பதிவுகள் காட்டின. ஞாயிறு அன்று இளநீர், வாழைப்பழம், கீரைச்சாறு எதுவும் வேண்டாம். எண் ஏறுகிறதே என்று டயாலிசேட் பொட்டாசியத்தை 1-க்கு இறக்கச் சொல்லாதீர்கள். 2-க்குக் குறைந்த டயாலிசேட்டுக்கும் திடீரென இதயம் நின்றுபோவதற்கும் தொடர்பு காட்டப்பட்டிருக்கிறது.

செவலமருக்கு நான் ஓட்டுப் போடுவேன். 2013-ல் வந்த தொகுப்பாய்வில் கால்சியம் அல்லாத பைண்டர் எடுத்தவர்களின் மரணம் 22% குறைவு என்று இருக்கிறதே.

---

நெஃப்ரான்:

அந்த 22%-ஐ வைத்துச் செலவை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. செவலமரையும் கால்சியத்தையும் நேரடியாக ஒப்பிட்ட பெரிய சோதனை, 2007-ல் 2,103 பேரை வைத்து நடந்தது, மொத்த மரணத்தில் வித்தியாசம் காட்டவில்லை. லேண்ட்மார்க்கும் காட்டவில்லை. ஆனால் இந்த நோயாளிக்குச் செவலமர் சரி என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், வேறு காரணத்துக்காக: கால்சியம் 10.2. இந்த நிலையில் கால்சியப் பைண்டரைக் கூட்டவும் முடியாது, அப்படியே தொடரவும் கூடாது. 5.5–7.5 வரம்புக்குத் தொடக்க அளவு 800 மி.கி., மூன்று வேளையும் உணவோடு, மெல்லாமல் முழுதாக. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக் கூட்டலாம். மலச்சிக்கல் வரும், முன்னாலேயே கவனியுங்கள்.

செலவுக் கணக்கை இப்படிப் போடுங்கள். வாரத்தில் கூடுதலாக ஓர் அமர்வு 800 மி.கி.யாவது எடுக்கிறது. அதே வேலையைச் செவலமர் செய்ய வாரத்துக்கு 30 மாத்திரை, அதாவது நாளுக்கு 4-க்கு மேல் வேண்டும். மூன்றாவது அமர்வு பொட்டாசியத்தையும் நீரையும் கால் இழுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும், மாத்திரை அதைச் செய்யாது. காப்பீட்டுத் திட்டத்தில் வாரம் 3-க்கு வழி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் என் முதல் தேர்வு அதுதான்.

வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கும் ஆன்டாசிட் திரவம் வீட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கலந்தவை அவை. ஒரு காலத்தில் அலுமினியமே பைண்டராகக் கொடுக்கப்பட்டது. மூளையிலும் எலும்பிலும் சேர்ந்து டயாலிசிஸ் மறதி நோய் என்றே பெயர் வாங்கியது. அதேபோல வைட்டமின் டி 6 லட்சம் யூனிட் ஊசி அண்மையில் எங்காவது போட்டார்களா என்று பாருங்கள். கால்சியம் ஏறியதற்கு அதுவும் காரணமாகலாம்.

இனி பி.டி.எச். உச்ச அளவு 65 என்றால் 2 முதல் 9 மடங்கு, அதாவது 130–585 ஏற்கத்தக்கது. 610 கொஞ்சம்தான் மேலே. 480-லிருந்து ஏறும் திசையும், கூடவே எலும்பிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வரும் நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 131-லிருந்து 168 ஆனதும் எலும்பு வேகமாகக் கரைவதைச் சுட்டுகின்றன. கல்லீரல் காரணம் இல்லை என்று ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியைப் பார்த்து உறுதி செய்யலாம். எலும்பிலிருந்து பாஸ்பரஸ் இறங்கிக்கொண்டிருந்தால் தட்டில் எதைக் குறைத்தாலும் எண் முழுசாகப் பணியாது. வழக்கமாக இங்கே நடக்கும் பிழை, பி.டி.எச். ஏறிவிட்டது என்று கால்சிட்ரியாலைக் கூட்டுவது. அது குடலில் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டையும் அதிகம் உறிஞ்ச வைக்கும். இப்போதைய எண்களில் அதை நிறுத்தி வைப்பதைப் பற்றித்தான் டாக்டரிடம் பேச வேண்டும். பாஸ்பரஸ் 5.5 பக்கம் வந்தபின்னும் பி.டி.எச். ஏறினால் சினாகால்செட் 30 மி.கி., இரவு உணவோடு. திருத்திய கால்சியம் 8.4-க்குக் குறையாமல் இருந்தால்தான் தொடங்கலாம். தொடங்கிய ஒரு வாரத்துக்குள் கால்சியம் பார்க்க வேண்டும். பி.டி.எச். சாம்பிளை மாத்திரை போட்டு 12 மணி கழித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் பொய்யாகக் குறைந்து காட்டும். முடிக்கு, நகத்துக்கு என்று பயோட்டின் அதிக அளவில் சாப்பிட்டாலும் பல லேப் கிட்களில் அதே கோளாறு. ஒரே லேப், ஒரே கிட். அடுத்த ரத்தம் நான்கு வாரத்தில், வியாழக்கிழமையே.

---

பினாங்கு:

இடையில் ஒரு சந்தேகம். அம்மாவுக்கு இங்கே மலேசியாவில் டயாலிசிஸ். ரிப்போர்ட்டில் பாஸ்பேட் 2.1, கால்சியம் 2.3, பி.டி.எச். 70. நீங்கள் சொல்லும் 3.5-ஐவிடக் குறைவாக இருக்கிறதே, சாப்பாட்டில் பாஸ்பரஸ் கூட்டணுமா, பைண்டரை நிறுத்தலாமா?

---

மூன்றாம் ஷிஃப்ட்:

நிறுத்தாதீர்கள்! அலகு வேறு. மலேசியா, சிங்கப்பூர் ரிப்போர்ட்கள் மில்லிமோலில் வரும். பாஸ்பேட்டை 3.1-ஆல் பெருக்குங்கள்: 2.1 என்பது நாங்கள் மேலே பேசிய டெசிலிட்டருக்கு மி.கி. அலகில் 6.5, அதாவது கூடுதல். கால்சியத்தை 4-ஆல் பெருக்கினால் 9.2, அல்புமின் லிட்டருக்கு 40 கிராமுக்குக் குறைவு என்றால் மேலே உள்ள திருத்தம் அங்கும் உண்டு, அங்கே 32 என்று இருப்பது இங்கே 3.2. பி.டி.எச். பிகோமோல் என்றால் 9.4-ஆல் பெருக்கி 660 பக்கம் வரும். ஏற்கெனவே பிகோகிராம் என்றால் 70 அப்படியே 70, குறைவான பக்கம். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு அச்சாகியிருக்கிறது, லேப்பின் இயல்பு வரம்பு என்ன என்று பார்த்து இங்கே போடுங்கள்.